பதினோராம் வீடு

கலைத்த சீட்டுக்கட்டை ஒருமுறை பார்த்தால் போதும், ஐம்பத்திரண்டையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். நினைவாற்றல் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் ஈப்போ வீட்டு அலமாரியில் நிற்கின்றன. இப்போதெல்லாம் அவற்றைத் துடைக்கக்கூட எனக்கு மனம் வருவதில்லை.

இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. மலேசியாவில் சுங்காய் பக்கம் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் இருபத்தேழு வீடுகள். கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையில் நடந்து, வாசலுக்கு இரண்டு சீட்டாக வைத்துக்கொண்டே போவேன். மறுபடி நடந்தால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். ஐம்பத்திரண்டு சீட்டுக்கு இருபத்தாறு வாசல் போதும் என்பதால் ஒரு வீட்டைத் தள்ளிவிட்டேன்.

தள்ளியது பதினோராம் வீட்டை. அந்த வீட்டுக்காரர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். அதன்பிறகு பிள்ளைகள் நாங்கள் பத்தாம் வீடு வந்ததும் சாக்கடையைத் தாண்டி, பின்பக்கமாகச் சுற்றி ஓடுவோம். பயிற்சியின் முதல் நாள் மனதுக்குள் அந்த வாசலில் சீட்டு வைக்கப் போனபோது அவர் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். மிரண்டு விலகினேன். பிறகு எத்தனை ஆயிரம் முறை நடந்தேனோ, அங்கே ஆள் இருந்ததே எனக்கு மறந்துபோனது.

போன வருடம் தோட்டம் கைமாறியது. லயத்தில் இருந்த குடும்பங்களுக்குத் தலா ஒரு வீடு தருவதாகச் சொன்னார்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற பழைய பதிவேடு கிடைக்கவில்லை. குடியிருப்பாளர் குழுத் தலைவர் நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

"பதினொண்ணு விட்டுப்போச்சே தங்கச்சி?"

"அது பூட்டிக் கெடந்துச்சு அண்ணே."

"யாரோ இருந்த மாதிரி இருக்கு லா."

"எனக்கா மறக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். பெருமையில் எனக்குத் தலை கனத்திருந்தது. நான் சொன்னதால் எல்லோரும் அந்தப் பட்டியலின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரியம்மா பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். பதினோராம் வீட்டில் இறந்தவரின் மனைவி. அங்கே குடியிருந்ததற்கான தாள்களெல்லாம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டன. இப்போது தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்கிறாராம். கொடுத்த தேநீரை அவர் தொடவில்லை.

"எங்க வீட்ட ஏம்மா விட்டுட்ட?"

தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"நீயும் மத்த புள்ளைங்களோட பின்னால சுத்தி ஓடுவ. நான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருப்பேன். அங்கயே ஒம்பது வருசம் தனியா இருந்தேம்மா."

மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். என் ஞாபகம் தவறு என்றேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். இவர் அங்கே இருந்ததற்கு என்ன சாட்சி, இவரை அந்த வாசலில் என்றைக்காவது பார்த்தீர்களா, அந்த வீட்டைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடினேன். பத்தாம் வீடு வந்தது, அடுத்து சாக்கடை, பிறகு பன்னிரண்டாம் வீடு. பெரியம்மாவைத் தேடி மறுபடி மறுபடி நடந்தேன். படியில் அவருடைய புருஷன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லம்மா, போலாம்," என்றார்.