திராட்சைச் சக்கையும் என் பால்குடமும்

நான் லாரி ஓட்டுகிறவன். ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில், ஒரு சீன முதலாளி திராட்சை ஒயின் செய்கிறார். பிழிந்தபின் மிஞ்சும் தோலையும் விதையையும் அள்ளிப்போய்க் கொட்டுவது என் வேலை. என் அப்பாவைக் கொண்டுபோனது சம்சு என்கிற கள்ளச்சாராயம். அதனால் நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, "முருகா, சக்கையை மட்டுந்தான் தொடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் லாரிச் சாவியையே வாங்கினேன்.

அந்தச் சக்கையில் சிப்பிக் காளான் வளர்க்கலாம் என்று விவசாய இலாகா நடத்திய ஒரு நாள் வகுப்பில் சொன்னார்கள். காளான் சக்கையைத் தின்று வளருமாம், மீந்தது செடிக்கு எருவாம். ஈ மொய்க்கிற குப்பைக்குள்ளும் சாமி ஏதோ வைத்திருக்கிறார் என்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. முதலாளியிடம் கேட்டேன். அவர் கும்பிடாத குறையாக ஒரு லாரி நிறையக் கொடுத்தார்.

அப்போதுதான் தைப்பூச விரதம் தொடங்கியிருந்தேன். மனைவியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். முடிந்தது. இனி என் பங்கு பாக்கி.

சக்கையோடு ரப்பர் மரத்தூளும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து, பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆறியபின் காளான் விதை போட வேண்டும். குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால், பழைய எண்ணெய்த் தோங் ஒன்றை, அந்தத் தகரப் பீப்பாயை, விறகடுப்பில் ஏற்றினேன். கொதித்ததும் ஆவி கிளம்பியது. அதோடு ஒயின் வாசமும் கிளம்பி, தெரு முழுக்கப் போய் ஒவ்வொரு வீடாக விசாரித்தது.

தோங், விறகு, ஆவி, அந்த வாசம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சேர்ந்தால் ஒரே அர்த்தந்தான். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார். மூன்றாம் வீட்டுக்காரர் காலிப் போத்தலோடு வந்து வேலியோரம் நின்று இருமினார்.

சாயந்திரம் கோயில் தலைவரே வந்துவிட்டார். பால்குடப் பட்டியல் அவர் கையில்தான் இருக்கும். தோங்கைப் பார்த்தார், என் கழுத்து மாலையைப் பார்த்தார்.

"அண்ணே, விரதமா, சம்சுவா? ஒண்ணு சொல்லுங்க லா. பேரை அடிச்சிருவேன்."

காளான் என்றேன். எங்கே என்றார். இனிமேல்தான் முளைக்கும் என்றேன். இப்படிச் சொன்னால் நானே நம்பமாட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, முதலில் வெந்து ஆறியதில் விதை போட்ட பை ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"உங்க வீட்டுலயே வச்சுப் பாருங்க. முளைக்கலைன்னா பேரை அடிங்க."

தலைவர் பையை மோட்டார்சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்தப் பைக்குத்தான். கண்ணுக்குக்கூட அவ்வளவு வேண்டவில்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவியோடு வந்தார். முகம் வாடியிருந்தது. பையை வைத்த ஸ்டோர் ரூமில் ஒயின் வாசம் அடிக்கிறதாம், மூன்று நாளாக அவருக்குச் சோறில்லையாம். தலைவர் வீட்டு அக்கா நேராக என்னிடம் கேட்டார்:

"மாலை போட்டிருக்கீங்க, பொய் சொல்ல மாட்டீங்க. இவரு குடிக்கறதில்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

தலைவர் என்னையே பார்த்தார். பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது. எனக்கோ விரதம்.

"பைக்கு மட்டும் சத்தியம் பண்றேங்க்கா" என்றேன்.

அக்காவுக்கு அது போதவில்லை. இருந்தாலும் அன்றிரவு அவருக்குச் சோறு போட்டார்.

நாள் போகப் போக வெள்ளை நூல் பை முழுக்கப் படர்ந்தது. வாசமும் குறைந்து, மழை பெய்த மண் வாசமாக மாறியது. என் பைகள் சிலவற்றில் பச்சைப் பூசணம் பிடித்தது, தூக்கி எறிந்தேன். பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைவர் போன் செய்தார். "வந்துருச்சு லா" என்றார். குரலைக் கேட்டால் பேரப்பிள்ளை பிறந்தது போலிருந்தது. கொத்துக் கொத்தாக, காது மாதிரி முளைத்திருந்ததாம். அக்கா வறுவலே செய்துவிட்டாராம்.

மூன்றாம் வீட்டுக்காரருக்கும் ஒரு பை கொடுத்தேன். காளான்தானா என்று கேட்டு, துக்கமாக வாங்கிக்கொண்டார்.

பூசத்தன்று என் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள். மனைவி கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். குடத்தைத் தலையில் ஏற்றிவிடும்போது தலைவர் என் முகத்தருகே குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்து வாசம் பார்த்தார்.

நானும் இழுத்தேன். அவர் வீட்டு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.