வெல்டா திறந்த ஆட்டம்

தேவாலயத்துக்குப் புதிதாக வந்த போதகரின் மனைவி, வெல்டா கிரட்சரிடம் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள்.

"சீட்டு ஆடறேன். போக்கர்."

"அது பொழுதுபோக்கு. வேலை?"

"உங்களுக்கெல்லாம் அது பொழுதுபோக்கும்மா. அதனாலதான் எனக்கு வேலையாச்சு."

வெல்டாவுக்கு அதில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. ஓக்லஹோமாவில் புழுதிப்புயல் வயலைத் தின்றபோது அப்பாவின் ஓட்டை லாரியில் கலிபோர்னியா வந்து, ஆரஞ்சு பறித்து வளர்ந்தவள். யுத்த காலத்தில் விமானத் தொழிற்சாலையில் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அறைந்தாள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆணிகளையே பந்தயம் வைத்துத்தான் போக்கர் பழகினாள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும், தொழிற்சாலை ஒரு கைகுலுக்கலோடு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. டெக்ஸஸில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறேன் என்று கிளம்பிய கணவனோ, போனவன் போனவன்தான். வெல்டா அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, பக்கத்து ஊரான கார்டீனாவின் சீட்டு கிளப்புக்குள் நுழைந்தாள். அந்த நாற்காலியிலிருந்துதான் மகளை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தாள், வீட்டுக்கும் கூரை போட்டாள்.

கார்டீனா கிளப் என்றதும் துப்பாக்கியும் விஸ்கியும் கற்பனை செய்பவர்கள் அங்கே கால் வைத்ததில்லை என்று அர்த்தம். காலையில் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பவர்கள் பென்ஷன் வாங்கும் ஆண்களும் கைப்பை மாட்டிய விதவைகளும்தான். பட்டாணி சூப் பிரமாதமாக இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை ஒரு பெண் வந்து நாற்காலி வாடகை வாங்கிப் போவாள். சீட்டைக் கலைப்பதும் போடுவதும் ஆடுகிறவர்களே. அதனால் கள்ளத்தனம் செய்ய நினைப்பவனுக்கு வழி ஏராளம், பிடிபட்டால் மன்னிப்பு கிடையாது. ஒரு கிளப் துரத்தினால் தெருவிலிருக்கும் மற்ற கிளப்புகளும் கதவைச் சாத்திவிடும்.

அங்கே ஆட்டத்தைத் திறக்க, அதாவது முதல் பந்தயம் வைக்க, கையில் ஜோடி ஜாக்கியாவது இருக்க வேண்டும். வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டு மாற்றுச் சீட்டு வாங்குவது அதற்கப்புறம்தான். கடைசியில் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டாலும், திறந்தவர் மட்டும் அந்த ஜோடியைக் காட்டியே ஆகவேண்டும். ஜோடி இல்லாமல் திறப்பது திருட்டுக்குச் சமம். அப்படி இரண்டாம் முறை செய்பவரை வெளியேற்ற வேண்டும் என்று மேலாளர் கசாரியனிடம் ஒரு காலத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டதே வெல்டாதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்கு அன்று நினைவில்லை.

ஏனென்றால் அவள் கண் மங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டிருக்கலாம். ஆனால் பக்கத்து நாற்காலி இனெஸின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் பட்டு ராஜா ராணியெல்லாம் தெரிவதை வெல்டா வெகுகாலம் பார்த்து ரசித்தவள். மனசு கேட்காமல் ஒருநாள், "அடியே, சீட்டைத் தாழ்த்திப் பிடி, உன் கண்ணாடியில ஊரே தெரியுது" என்று சொல்லியும்விட்டாள். அப்படிப்பட்டவள் தானே போய்க் கண்ணாடி மாட்டுவாளா? கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஆடினாள்.

ஒருமுறை ஜாக்கியும் ராஜாவும் அவளுக்கு ஒன்றுபோலத் தெரிந்து, ஜோடி என்று திறந்துவிட்டாள். காட்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. கசாரியன் தனியே கூப்பிட்டார். "வெல்டாம்மா, நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். ஆனா இன்னொரு தடவைன்னா என் கையில இல்ல. நீங்க கேட்ட சட்டம்தான் அது."

அடுத்த வாரமே வந்தது அது. இரண்டு ஜாக்கி என்று திறந்தாள். மூன்று சீட்டு மாற்றினாள். அதில் ஒரு ஜாக்கி வந்தது. ஆக மூன்று ஜாக்கி. பலமாகப் பந்தயம் வைத்தாள். எதிரே இருந்தவர் ஹோலிஸ், பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். சலிப்போடு சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"வெல்டா திறந்தா நாம கதவைச் சாத்திட்டுப் போயிடணும். காட்டக்கூட வேணாம்மா, எடுத்துக்க."

சட்டம் சட்டம்தானே என்று அவள் சீட்டுகளை முகத்தருகே கொண்டுபோனாள். மூன்றில் ஒன்றுக்குத் தாடி இருந்தது. ராஜா.

திறந்தபோது இருந்தது ஒரு ஜாக்கியும் இந்த ராஜாவும். இன்னொரு ஜாக்கி பிறகு வந்தது. இப்போது கையில் ஜோடி ஜாக்கி நிஜமாகவே இருக்கிறது. இரண்டையும் விரித்துப் போட்டால் ஆண்டவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலோ நாற்காலி போய்விடும், இந்தத் தெருவே போய்விடும். இந்த வயதில் வேறென்ன வேலை தெரியும் அவளுக்கு?

ஜாக்கிகளை விரித்தாள். பக்கத்தில் ராஜாவையும் வைத்தாள்.

"இந்த ஜாக்கி மாத்தி வாங்கினது. திறக்கும்போது ஜோடி இல்ல. ராஜாவை ஜாக்கின்னு நினைச்சுட்டேன். கசாரியனைக் கூப்பிடுங்க."

"ஏன்டி, யாரு கேட்டா உன்னை?" என்று இனெஸ் முணுமுணுத்தாள்.

"நான் கேட்டேன்," என்றாள் வெல்டா.

கசாரியன் வந்து கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார். "சட்டப்படி வெளியேதான். ஆனா திருட வந்தவ ஜெயிச்ச கையைத் தானே கெடுத்துக்க மாட்டா. கண்ணாடியோட வாங்க, நாற்காலி இருக்கும். கண்ணாடி இல்லாம என் வாசலை மிதிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து அழுதாள். நாற்காலி தப்பியதற்காக அல்ல, கண்ணாடிக்காக.

தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு அவள் திரும்பிய காலையில் மேசையே எழுந்து நின்றது. "தாழ்த்திப் பிடிடி, ஊரே தெரியுது," என்றாள் இனெஸ். இத்தனை நாள் காத்திருந்து சொன்ன சந்தோஷம் அவள் முகத்தில் வழிந்தது. வெல்டா சீட்டைத் தாழ்த்திப் பிடித்தாள்.

ஹோலிஸ் ஆட்டத்தைத் திறந்தார். வெல்டாவிடம் நான்கு ஆட்டீன். ஐந்தாவதும் ஆட்டீனாக வந்தால் பெரிய கை. ஒரு சீட்டு மாற்றினாள். வந்தது உதவாத கிளாவர். கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஹோலிஸ் பந்தயம் வைத்தார். அவள் நிதானமாகக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, இரு மடங்கு வைத்தாள்.

ஹோலிஸ் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒதுங்கிக்கொண்டு, திறந்தவர் என்பதால் தன் சீட்டுகளை விரித்துக் காட்டினார். மூன்று ராணி.

"வேற யாராயிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆனா கையில வந்த காசைத் தூக்கி எறிஞ்சவ நீ. நீ பொய் சொன்னா உலகத்துல யாரை நம்புறது?"

வெல்டா தன் ஐந்து சீட்டையும் கவிழ்த்தபடியே கழித்த சீட்டுகளுக்குள் செருகினாள். நடுவில் குவிந்திருந்த பந்தய வில்லைகளை இரு கையாலும் அணைத்து இழுத்துக்கொண்டாள்.

"என்னதான் வச்சிருந்தே? சும்மா சொல்லேன்," என்றார் ஹோலிஸ்.

"ஆட்டத்தைத் திறந்தவங்கதானே காட்டணும், ஹோலிஸ்," என்று சொல்லிவிட்டு, அவள் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.