தனகோபால் அண்ணன் முகம் வரும் வீடுகள்

சோரியாங்குப்பத்தில் ஒரு வீட்டுச் சுவரில் புது டிவியை மாட்டி, தனகோபால் அண்ணனின் மின்னஞ்சல் கணக்கைத் தட்டி முடித்திருந்தேன். திரையின் மேல்மூலையில் அவர் முகம் வந்தது. அதே நேரத்தில் கைப்பேசி அடித்தது. பேசியவர் எங்கள் டிவிக் கடை முதலாளி. "தனகோபால் பூட்டாருப்பா. டீக்கடையிலயே சாஞ்சிட்டாரு." நான் கைப்பேசியை வைத்த பிறகும் அந்த முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. "யாருங்க இவரு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு, அண்ணன் வீடு இருக்கும் பாகூருக்கு ஓடினேன்.

பாகூர், வில்லியனூர் பக்கம் தட்டை டிவி வாங்கிய உங்களில் பலர் எங்கள் இருவரையும் பார்த்திருப்பீர்கள். துளை போடுவது நான், பேசுவது அவர். துளை போடுமுன் வீட்டிலிருப்பவர்கள் எல்லாரையும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்வார். "டிவிக்கு எடம் அப்புறம் பாக்கலாம்டா. மொதல்ல ஆளுக்கு எடம் பாரு" என்பார். காட்டேரிக்குப்பத்தில் ஒரு வீட்டில் மகன்கள் நடுச்சுவரில் உயரமாக மாட்டச் சொன்னார்கள். படுக்கையில் கிடந்த அவர்கள் அப்பாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அண்ணன் அவர் பக்கத்தில் பாயில் படுத்து, அங்கிருந்தே "எறக்கு, இன்னும் எறக்கு" என்று எனக்குக் கை காட்டினார். எனக்கோ பசி, எரிச்சல். அந்தப் பெரியவர் அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனி அந்தக் கணக்கு விஷயம். இப்போது வரும் டிவிகள் பலவும் மின்னஞ்சல் கணக்கு இல்லாமல் இணையப் படம் காட்டுவதில்லை. சுத்துக்கேணியில் கரும்பு வைத்திருக்கும் ஒரு அம்மா, "அது இன்னாபா, ரேஷன் கார்டு மாதிரியா?" என்றார். "ஒண்ணும் வாணாம்மா, என்னுத போட்டுக் குடுக்கறேன்" என்று அண்ணன் தன் கணக்கையே போட்டார். அதுவே பழக்கமாகிவிட்டது. நானும் அதையே போட்டேன்; டிவி கேட்கும்போது எங்கிருந்தாலும் அவர் தன் கைப்பேசியில் ஒப்புக்கொள்வார். தப்புதான், சோம்பேறித்தனம்தான். முப்பது நாற்பது வீட்டில் டிவியைப் போட்டால் அண்ணன் முகம் வரும். அத்தனை வீடும் பார்ப்பது அவர் பெயரில் சேரும். கரும்புக்கு மருந்து, ஜெபப் பாட்டு, மணப்பெண் அலங்காரம், பேய்ப்படம், முட்டி வலிக்கு உடற்பயிற்சி. "ஊரு பாக்கறது பூரா என் தலையிலதாண்டா வுழுது" என்று சிரிப்பார்.

அவரை எடுத்துப்போன அன்று மதியம் என் கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த அந்தக் கணக்கைத் திறந்தேன். சற்றுமுன் பார்த்தவை என்ற வரிசையில் ஒரு காமெடிக் காட்சி. அப்போதுதான் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தோம். எங்கோ ஒரு வீட்டில் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. "டிவிய போட்டா அவரு மூஞ்சி வருது, புள்ளைங்க பயப்படுது." இன்னொரு வீட்டில் அந்த மூலையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். காரியத்துக்கு வந்த யாரோ இதை அண்ணியிடமே சொல்லியிருக்கிறார்கள். அண்ணி என்னைக் கூப்பிட்டு, "எல்லார் வூட்லேர்ந்தும் அவர எடுத்துடு தம்பி" என்றார். எனக்குக் கடவுச்சொல் தெரியும். கைப்பேசியில் ஒரே அமுக்கில் எல்லா வீட்டிலிருந்தும் அவரை வெளியேற்றலாம். இரண்டு முறை அந்தப் பொத்தான் வரை போய்த் திரும்பினேன். தனியாகச் செய்ய மனம் துணியவில்லை. அண்ணி முன்னாலேயே செய்யலாம் என்று ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்தது மகளின் படம். ஊருக்கெல்லாம் தன் கணக்கைப் போட்ட மனுஷன் சொந்த வீட்டில் மகளுடையதைப் போட்டிருக்கிறார். அண்ணி திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊரான் வூட்டுக்கெல்லாம் வராரு. எங்க வூட்டுக்குத்தான் வரல. அதாம்பா என்னால தாங்க முடியல."

நான் வந்த வேலையை விட்டுவிட்டேன். ரிமோட்டை எடுத்து அண்ணன் கணக்கைத் தட்டினேன். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்ட டிவி, உங்கள் கைப்பேசியில் உறுதிசெய்யுங்கள் என்றது. பீரோவுக்குள் ஒரு கைப்பேசி அதிர்ந்தது. அண்ணனுடையது. அண்ணி அதை இத்தனை நாளும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

எடுத்துப் பார்த்தோம். உள்ளே வர முயல்வது நீங்கள்தானா என்று கேட்டிருந்தது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அண்ணியின் கட்டைவிரல் வெகுநேரம் மேலேயே நின்றது. பிறகு ஆம் என்பதை அமுக்கினார்.

முகம் வந்தது. கீழே அத்தனை வீடுகளும் பார்த்தவை வரிசையாக வந்தன. "இது யாரு பாக்கறது? இது?" என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்த வீடுகளைச் சொன்னேன். எடுத்துவிடு என்று அதன் பிறகு அவர் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது என்பவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், வந்து மாற்றித் தருகிறேன். புது வீடுகளில் இப்போது அவரவர் பெயரிலேயே கணக்கைத் திறந்துவிடுகிறேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது அந்தக் கடவுச்சொல் ஒன்றுதான். அதை எங்கே தட்டினாலும், வருவது நீங்கள்தானா என்று கேட்கும். ஆம் என்று சொல்ல பாகூரில் ஒருவர் இருக்கிறார்.