சுவருக்கு வந்த அழுகை

பதினாறு வயதுக் கோல்கீப்பருக்குத் தோழிகள் வைத்த பெயர் சுவர். பந்தைத் தடுப்பதால் மட்டுமல்ல, இடி விழுந்தாலும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஏழு வயதில் கை ஒடிந்தபோது அழுதவள் அம்மா, சமாதானப்படுத்தியவள் இவள்.

ஆட்டங்கள் தொடங்குமுன் அணியின் டாக்டரம்மா எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். தலைவலி, எரிச்சல், அழுகை ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறுவரை எண் போட வேண்டும். நாளைக்குத் தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க.

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டு வைடி," என்றாள் அணித்தலைவி. "அடிபட்டாலும் இவ எப்பவுமே இப்படித்தான்னு விட்டுடுவாங்க."

சுவர் அழுகைக்கு ஐந்து போட்டாள்.

அரையிறுதியில் கம்பத்தில் தலை மோதியது. பந்தை விடவில்லை. இரண்டு நாளில் தலைச்சுற்றல் நின்றது. மூன்றாம் நாள் அழுகை ஆரம்பித்தது. அம்மா தைத்த சட்டைக்கு ஒரு பொத்தான் குறைந்ததற்கு அழுதாள். சிரித்த அக்காவின்மேல் எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்ததை நினைத்து அழுதாள்.

"அம்மா, சுவத்துல ஓதம் ஏறி ஈரம் கசியுது," என்றாள் அக்கா.

இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கையில் டாக்டரம்மா மறுபடி படிவம் நீட்டினார். இந்த முறை சுவர் உண்மையையே எழுதினாள். அழுகை: ஐந்து.

அவர் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "மத்த சோதனையும் சரியா இருக்கு. இதுலயும் மாற்றம் இல்ல. விளையாடலாம்மா."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. கதவுவரை போனாள். பின்னால் டாக்டரம்மாவின் பேனா மூடி தரையில் உருண்டது. அதைப் பார்த்ததும் கண் நிரம்பியது. பேனா மூடிக்கே இந்தப் பாடு என்றால், ஒரு கோல் விழுந்தால்?

"முதல் தாள் பொய், டாக்டர். நான் அழவே மாட்டேன்," என்றாள், தேம்பிக்கொண்டே.

டாக்டரம்மா, கூட வந்திருந்த அம்மாவைப் பார்த்தார். "நிஜம்தாங்க," என்றாள் அம்மா. "இவ அழுது நாங்களே இப்பதான் பாக்கறோம்."

"தலையில அடிபட்டா மனசும்தான் கலங்கும். தானா தெளியும், நாள் ஆகும். அதுவரைக்கும் பந்தைத் தொடாதே."

இறுதி ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்த்தாள். அணி தோற்றது. எல்லோரும் அழுததால் அவள் அழுதது தனியாகத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் அக்கா ஓதக் கதையை மறுபடி எடுத்தாள். சுவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா தையலை நிறுத்திவிட்டு ஒருமுறை உற்றுப் பார்த்தாள்; பிறகு இயந்திரத்தை ஓட்டினாள்.

அடுத்த வருடப் படிவத்தில் அழுகைக்கு ஒன்று போட்டாள். அணித்தலைவி எட்டிப் பார்த்தாள்.

"அது எதுக்குடி ஒன்னு?"

"பொத்தானுக்கு."