பிரசங்கம் என்று எழுதிய சிடி

பக்த் ரவான் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றுகிறவன். மலையடிவார ஊரான மிங்கோராவில் என் டீக்கடைக்கு எதிரே அவன் பட்டறை. வாயைத் திறந்தால் வசவுதான். வேலை கொடுக்க வந்தவனையும் திட்டுவான், சும்மா எட்டிப் பார்த்தவனையும் திட்டுவான். அப்பேர்ப்பட்ட முரடன் பாட்டு சிடியை மட்டும் ஓரத்தில் விரல் வைத்துப் பூ மாதிரி தூக்குவான். "கல்யாணம் பண்ணிக்கடா, சிடியா உனக்கு ரொட்டி சுட்டுப் போடும்?" என்று நான் சீண்டினால் ஸ்பேனர் பறந்து வரும். சத்தியமாக வரும். என் புருவத்தில் தழும்பு இருக்கிறது.

அவன் தம்பி அமீர்ஜேப் கல்யாண வீடுகளில் பாடுகிறவன். மலையிலிருந்து துப்பாக்கியோடு இறங்கி வந்து ஊரைப் பிடித்தவர்கள், பாட்டு பாவம் என்று அவனை எச்சரித்தார்கள். அவன் சிரித்தான், படுபாவி. ஒரு கல்யாணத்தில் பாடிவிட்டுத் திரும்பும்போது வண்டியை நிறுத்தி இறக்கி, வாயில் சுட்டார்கள். ஆமாம், வாயில்தான்.

அன்று அவன் பாடியதை யாரோ பதிவு செய்திருந்தார்கள். அது ஒரு சிடியாக ரவான் கைக்கு வந்தது. தம்பியின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் அந்த மலைக்காரர்கள் ரேடியோவில் உத்தரவு போட்டார்கள். பாட்டு சிடி வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை சதுக்கத்துக்குக் கொண்டுவந்து எரிக்க வேண்டுமாம்.

"ஒளிச்சு வெச்சுடேன்டா," என்றேன்.

"எங்கிட்ட சிடி இருக்குறது ஊருக்கே தெரியும் லாலா. வெறுங்கையோட போனா கழுத்த அறுத்துடுவானுங்க. அசலக் குடுத்துட்டு நகல வெச்சுக்கறேன்."

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நகல் எடுத்தான். பாதியில் கரண்ட் போகும், அந்த சிடி குப்பைக்குப் போகும், ரவான் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. கடைசியில் என் கடை ஜெனரேட்டரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனோம். நகல்களின் மேல் மலைத் தலைவனின் பெயரைப் போட்டு 'பிரசங்கம்' என்று மார்க்கரால் எழுதினான்.

"அவனுங்க தலைவன் பேச்சுன்னா அவனுங்களே தொட மாட்டானுங்க. எப்படி?"

எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

"அம்மாகிட்டயாவது சொல்லு."

"ஐயோ, வேண்டாம். தெனம் போடச் சொல்லி ஓன்னு அழும். பக்கத்து வீட்டுல எவன் அவனுங்க ஆளோ? எல்லாம் எரிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை அசல்களைச் சாக்கில் சுமந்து போனான். கட்டையால் முதுகில் போட்டு, அவன் கையாலேயே மண்ணெண்ணெய் ஊற்ற வைத்தார்கள். ஊற்றினான்.

அடுத்த வருடம் பெரிய சண்டை நடந்தது. மலைக்காரர்கள் ஓடினார்கள், அரசாங்கச் சிப்பாய்கள் வந்தார்கள். தப்பித்தோம் என்று நான் சிப்பாய்களுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொடுத்தேன். அவர்கள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். பட்டறைக்குப் பின்னாலிருந்த ரவான் வீட்டில், பரணில் கிடந்த பழைய மாவு டின்னுக்குள் அந்த நகல்கள் அகப்பட்டன.

முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள்.

"பிரசங்கமாடா கேக்குற? எங்கடா உன் கூட்டாளிங்க?"

துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் குத்தினார்கள். மூக்கெலும்பு உடைந்த சத்தம் என் கடைவரை கேட்டது. "ஐயா, அது பாட்டுங்க, போட்டுப் பாருங்க!" என்று ஓடினேன். எனக்கும் வயிற்றில் ஒரு உதை விழுந்தது. அதிகாரி ஒவ்வொரு சிடியாக முழங்காலில் வைத்து உடைத்தார். கடைசி சிடியை அவர் எடுத்ததும், ஊரையே திட்டிய வாய் அவர் பூட்ஸில் விழுந்து கெஞ்சியது.

"சாப், அது மட்டும் வேண்டாம் சாப். என் கைய ஒடைங்க, கால ஒடைங்க. அது என் தம்பி சாப்!"

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். கையிலிருந்ததை ஜீப்பின் சிடி பிளேயரில் செருகினார்.

அமீர்ஜேப் மேளக்காரனைப் பார்த்து, "மெதுவா அடிடா, பொண்ணு பயந்து ஓடிடப் போவுது," என்று சிரித்தான். பிறகு பாடினான். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். ரவான் பல் போன வாயால் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

அப்போதுதான் அவன் தாய் தெருவுக்கு ஓடி வந்தாள். தலையில் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அப்படி வந்ததில்லை. சிப்பாய்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அமீரு! வந்துட்டியாப்பா?"

ஜீப்பின் கதவைத் திறந்து முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். சீட்டைக் கையால் தடவினாள். திரும்பி, ரத்தத்தோடு கிடந்த ரவானைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த உடைந்த முகத்திலேயே அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள்.

"எம் புள்ளைய வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு எரிஞ்சு போச்சுன்னு சொன்னியேடா! அவனுங்க ஒரு தடவதான் கொன்னானுங்க. நீ ஒரு வருஷமா கொன்னுருக்கியேடா பாவி!"

கட்டையடிக்குக் கையைத் தூக்கி மறைத்தவன், இதற்குத் தூக்கவில்லை. "அடி அம்மா," என்றான், "இன்னும் அடி."