பின்வளவில் ஒரு கூடாரம்

நேற்று ஹார்ட்வெயார் கடையில் யாரோ புதுத் தறப்பாள் ஒன்றை உதறி விரித்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும், வாங்க வந்த ஆணியை மறந்து காருக்குள் போய் இருந்துவிட்டேன்.

2012இல் அதே வாசனையைக் கொண்டாட்டம் என்று நினைத்தவள் நான். கிரெய்கிபர்னிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில், மடியில் வேதாகமத்தோடு இருந்தபோதுதான் அது பளிச்சென்று தோன்றியது: கூடாரப் பண்டிகையை நாங்களும் கொண்டாடினால் என்ன? இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்ததை நினைத்து ஏழு நாள் கூடாரத்தில் இருப்பது.

எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கொரு யோசனை வந்தால் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. யேசுவே கைக்கொண்ட நாள்தானே என்று அப்பாவோடு வாதாடி, சனிக்கிழமை ஓய்வுநாளை வீட்டுக்குள் கொண்டுவந்தவளும் நான்தான். வெள்ளி பொழுதுபட அம்மா இரண்டு மெழுகுதிரி கொளுத்துவார். சித்தி பாண் மாவை மூன்று புரியாகப் பின்னிச் சுடுவார். வீடெல்லாம் மணக்கும்.

“பாத்திரம் கழுவாம இருக்கிறதுக்கெண்டே உனக்கொரு வேதம் கிடைச்சிருக்கு, பிள்ளை” என்று சித்தி சிரிப்பார்.

சித்தி அம்மாவின் தங்கை. வன்னியிலிருந்து முகாமுக்கும், பிறகு படகில் இங்கே எங்கள் வீட்டுக்கும் வந்தவர். மகள் ஆரணி முகாமின் தறப்பாள் கொட்டிலில் காய்ச்சலில் போய்விட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பின்வளவில், சித்தியின் யன்னலுக்கு நேரே, மூன்று பக்கமும் தறப்பாள் கட்டினேன்.

முதல்நாள் மாலை பாணோடு வந்த சித்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“வாங்கோ சித்தி, ஏழு நாள்தானே!”

“நாங்கள் ஏழு மாதம் இருந்தனாங்கள், பிள்ளை.”

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். மேலே மரக்கொப்புதான் போடவேண்டும், இடைவெளியால் வானத்து வெள்ளி தெரியவேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன்.

“எங்கட கொட்டிலுக்கும் வெள்ளி தெரிஞ்சது. அந்த ஓட்டையாலதான் மழையும் வந்தது” என்றார். பாணைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அப்பா குறட்டோடு கூடாரத்தைக் கழற்ற வந்தார். நான் மறித்தேன். “பண்டிகையின்ர முதல்நாள் இப்பதான் தொடங்கியிருக்கு, அப்பா. வேலை செய்யக்கூடாது. நாளைக்குப் பொழுதுபடட்டும்.”

“விசரி! அவள் உள்ளுக்கு நடுங்கிக்கொண்டிருக்கிறாள்” என்றார் அம்மா.

“கட்டளை கட்டளைதானே, அம்மா.”

அப்பா குறட்டைக் கீழே வைத்தார். வேதம் படித்த மகள் சொல்கிறாளே என்றுதான் வைத்திருப்பார்.

அன்றிரவும் மறுநாள் முழுவதும் தறப்பாள் காற்றில் படபடவென்று சித்தியின் யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பொழுதுபட்டு நாங்கள் அதைக் கழற்றும்போது சித்தியின் பை வாசலில் இருந்தது. சிட்னியில் சிநேகிதியொருத்தியிடம் போகிறாராம்.

“போட்டு வாறன், அக்கா.” என் கன்னத்தைத் தடவினார். “நல்லாப் படி.” கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வெள்ளி கடைப்பாண். அதற்கடுத்த வெள்ளி மெழுகுதிரியும் இல்லை. என்னிடம் வாதம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சித்தி இப்போதும் சிட்னியில், வெஸ்ட்மீட்டில்தான் இருக்கிறார். தொலைபேசியில் என்னைக் கேட்பாராம்; அம்மா நீட்டினாலும் நான் வாங்குவதில்லை. இந்தக் கிழமை சிட்னிக்கு ரிக்கெற் எடுத்திருக்கிறேன். முன்பென்றால் சொல்ல வேண்டியதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பேன். இந்தமுறை செய்துபார்க்கப்போவது ஒன்றுதான்: அவர் கதவைத் திறந்ததும், முதலில் நான் பேசாமல் நிற்கவேண்டும்.