டாக்டர் எழுந்து நின்ற சபை

நிருபர் வேலையில் மற்றவர்களுக்குச் செருப்புத் தேயும். சட்டசபை நிருபருக்கு மட்டும் பெஞ்சு தேயும். கூட்டம் கேட்டே பாதி ஆயுளைக் கழித்த நண்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ரப்பர் விலை விழுந்து கிடந்த அந்தக் காலத்தில், கோலாலம்பூர் சபையில் நான் பெஞ்சின் நுனியிலேயே உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. காரணம், கிள்ளான் டாக்டர் தேவசகாயம். எங்கள் இந்திய ஜனங்களுக்கென்று அரசாங்கம் நியமித்த ஒரே உறுப்பினர்.

முதல் கூட்டம்

துரைமார்கள் நடுவில் டாக்டர் புதுக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். இதோ பேசுவார், இதோ எழுவார் என்று பென்சிலைச் சீவிச் சீவி வைத்தேன். சபை கலைந்தது, மனிதர் வாயே திறக்கவில்லை! பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையில் ரயில்வேக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னும் பேசலே" என்றேன், தலையைக் குனிந்தபடி. ரயில் பட்டறைப் பிட்டர் ஒருவர் டாக்டரை விட்டுக்கொடுக்கவில்லை.

"டாக்டர்தானே லா, இன்னிக்கு நாடி பாத்திருக்காரு. அடுத்த கூட்டத்துல மருந்து குடுப்பாரு!"

டெங்கில் இருமல்

டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள் என்று சேதி வந்தது. "கண்ணால பாக்காம சபையில பேசமாட்டேன்" என்று டாக்டர் கிளம்பிவிட்டார். அவருடைய மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, கம்பவுண்டர் மாதிரி நானும் போனேன்.

கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் தோட்டத் துரை வழிமறித்தார். அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே நுழையக்கூடாதாம், மீறினால் போலீசாம். "நான் நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்றார் டாக்டர். "இங்கே நோயாளியே கிடையாது" என்றார் துரை. அப்போது பால்மரம் சீவும் மாரியாயி லயத்திலிருந்து வெளியே வந்து, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருமினாள். பக்கத்து வீட்டுக்காரி இருமினாள். அடுத்த நிமிஷம் லயம் முழுக்க ஒரே இருமல்! துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். மாரியாயி விடவில்லை.

"கிட்ட வராதீங்க தொரை, ஒட்டிக்கிரும்!"

இரண்டு கைகள்

உள்ளே நாங்கள் பார்த்த வாய்க்காலில் மாடும் இறங்கியது, குடமும் இறங்கியது. லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே டாக்டர் தீர்மானம் கொண்டுவந்தார். பேச்சு சூடுபிடித்தபோது தோட்ட முதலாளிகள் தரப்பு உறுப்பினரான ஒரு துரை குறுக்கிட்டார்: "என் கூலிகள் எனக்குப் பிள்ளைகள் மாதிரி." டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்படியானால் உங்கள் பிள்ளை குடிக்கிற தண்ணீரையே அவர்களுக்கும் கொடுங்கள்."

அதை எழுதிக்கொள்ளும் அவசரத்தில் என் பென்சில் முனை முறிந்தது. ஓட்டெடுப்பில் டாக்டர் கை மட்டும்தான் எழும் என்று நினைத்தேன். மூலையில் தூங்குவதுபோல் இருந்த சீன வியாபாரி உறுப்பினரான தவுக்கேயும் கையைத் தூக்கினார்! இரண்டே கைகள். தீர்மானம் தோற்றது. ஆனாலும் தலைவர், டெங்கிலுக்கு அதிகாரியை அனுப்பி விசாரிப்பதாகச் சொன்னார். சொன்னபடி அனுப்பியும் வைத்தார். அந்த ஒரு லயத்துக்குக் குழாய் வந்தது.

ஓட்டெடுப்பு நடந்த அன்று பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடைக்கு ஓட்டமாய் ஓடி, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். "தோத்துட்டோம்" என்று முடித்ததும் கடைக்கார அக்கா அதட்டினார்.

"தோத்தது கெடக்கட்டும் தம்பி, அவரு தொரையக் கேட்டதை இன்னொருவாட்டி சொல்லு!"

டாக்டர் அந்தச் சபையில் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆனால் அவர் தோற்ற செய்தி வந்த நாளெல்லாம் எங்கள் பத்திரிகை ஒரு பிரதி மிஞ்சாமல் விற்றது.